பிங்லிக்குப் பட்டா இல்லை

கல்யாணத்துக்குக் கால்கட்டு என்று பேர் வைத்திருக்கிற ஊர் இது. நிஜமாகவே காலில் கட்டோடு வந்து இறங்கினார் என் அத்தை. சின்னமனூர் வீட்டுப் பின்கட்டில் பாசி வழுக்கிவிட்டது. கணுக்காலில் விரிசல், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், "அப்ப எங்கண்ணன் வீட்டுலயே கெடக்குறேன்" என்று ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு கம்பத்துக்கு வந்துவிட்டார். மகன் திருப்பூரில். மாமா போய் நாலு வருஷம் ஆகிறது.

(இடையில் ஒன்று. எங்கள் பக்கம் அத்தையைப் பற்றிப் பேசினால் "சொல்லுச்சு, வந்துச்சு" என்றுதான் வரும். அது மரியாதைக் குறைச்சல் இல்லை, ஒட்டுதல். எழுத்தில் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும் என்பதால் 'ஆர்' போட்டிருக்கிறேன். அத்தை படித்தால் "யார்றா அது?" என்று கேட்பார்.)

வீட்டில் ஒரே டிவி. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா ரிமோட்டைக் கையில் எடுத்தால் ஒன்பதரைக்குத்தான் கீழே வைப்பார். அத்தைக்கு அதில் பொறுமை இல்லை. "ரெண்டு வருசமா அதே பொண்ணு அதே சோபாவுல உக்காந்து அழுவுறா. யாராச்சும் எந்திரிக்கச் சொல்லுங்கப்பா" என்றார் இரண்டாம் நாள். அம்மா முகம் சுருங்கிவிட்டது. நாத்தனார் சண்டைக்கு மாவுக்கட்டெல்லாம் தடையில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்பதரைக்கு மேல் டிவியை நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு டிவிடி இருந்தது. 1995இல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவல். ஆறு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைச்சல். இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் கடைசி வரை வாரம் ஒன்றாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. எங்கள் வீட்டில் ஆறு ராத்திரி.

தமிழில் எழுத்து ஓடாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிஷத்திலேயே அத்தை கையைத் தூக்கி, "இரு, இரு" என்றார்.

"அஞ்சும் பொண்ணா?"

"ஆமா அத்தே. பையன் கெடையாது."

"அஞ்சு பொண்ணப் பெத்தா அரசனும் ஆண்டிம்பாக. இந்த மனுசன் என்னடான்னா ரூமுக்குள்ள புஸ்தகத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்." அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஏண்டா மருமகனே, இது நம்ம மெட்டி ஒலியில்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த விநாடி சிரிப்பு நின்றது. இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை?

திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002இலிருந்து 2005 வரை சன் டிவியில் வந்தது. சிதம்பரம் என்கிற அப்பா, டெல்லி குமார் நடித்தார். அவருக்கு ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்து, ஒவ்வொருத்தி வீட்டுக் கஷ்டத்தையும் சுமந்துகொண்டு அந்த மனிதர் நடப்பதுதான் கதை. பிபிசிக்காரர்கள் ஐந்து பெண்களின் கதையை ஆறு வாரத்தில் முடித்தார்கள். நாம் எண்ணூறு பகுதிக்கும் மேலே கொண்டுபோனோம். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்புப் பாட்டு தெருவில் ஒரு வீட்டில் ஆரம்பித்தால் கடைசி வீடு வரை அறுபடாமல் கேட்கும். பாட்டுக்கு ஆடின சாந்தி மாஸ்டருக்கு 'மெட்டி ஒலி' சாந்தி என்றே பேர் நிலைத்துவிட்டது.

"தனம், சரோ, லீலா, விஜி, பவானி" என்று அத்தை விரலை மடக்கினார். இருபது வருஷம் ஆகிவிட்டது. லாக்டவுன் நேரத்தில் மறுபடி போட்டார்கள் என்றாலும் இந்த ஞாபகம் அதற்கு முந்தையது. விஜியாக நடித்த உமா 2021இல் இறந்துபோனார் என்று செய்தி வந்த அன்று அத்தை எனக்கு போன் செய்து, சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் மாதிரி பேசினார்.

அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் பாஸ்கர் சக்தி. தேனியிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில் இருக்கிற வடபுதுப்பட்டிக்காரர். அத்தைக்கு அது தெரியாது. சொன்னதும், "நம்மூருப் பயலா? அதான் அந்த அப்பன் பேசுறது நம்ம அய்யா பேசுன மாதிரியே இருக்கும்" என்றார். ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

சரி, அந்த ஆஸ்டின் பெண்கள் ஐந்து பேரும் இருக்கிற லாங்போர்னுக்குப் போவோம்.

கதையில் முதலில் வருகிறவன் பிங்லி. பக்கத்து மாளிகையை வாடகைக்கு எடுத்திருக்கிறான். வருஷ வருமானம் நாலைந்தாயிரம் பவுண்டு. பெண்களின் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த வேஷத்தில் அலிசன் ஸ்டெட்மன் கத்துகிற கத்தலுக்கு எங்கள் தெருவில் குறைந்தது மூன்று பெயர் சொல்ல முடியும். அத்தை மட்டும் அசையவில்லை.

"அந்த வருமானம் எதுலருந்து வருது? தோட்டமா?"

"இல்ல அத்தே. அவங்கப்பா யாவாரத்துல சம்பாதிச்சது. கிட்டத்தட்ட லட்சம் பவுண்டு விட்டுட்டுப் போனாரு. நெலம் வாங்கணும்னு இருந்தாரு, அதுக்குள்ள போயிட்டாரு."

"அப்ப பணம் இருக்கு, பட்டா இல்ல."

இங்கிலீஷ்காரர்கள் இதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். வணிகப் பணம், நிலப் பிரபுத்துவம், வர்க்க மாற்றம் என்று. அத்தை நாலே வார்த்தையில் முடித்துவிட்டார். பிங்லியின் நண்பன் டார்சி வந்ததும் அதே கேள்வி. வருஷத்துக்குப் பத்தாயிரம், எல்லாம் நிலத்திலிருந்து, டெர்பிஷயரில் பரம்பரைப் பண்ணை என்றேன். அத்தை திருப்தியாகத் தலையாட்டினார். "இது சரி. வண்டமேட்டுல ஏலத்தோட்டம் வச்சிருக்கவன் மாதிரி. மூஞ்சிய அப்பிடித்தான் வச்சிருப்பான்."

இந்தப் பள்ளத்தாக்கில் பெண் கேட்டுப் போகிற தரகர் பேச்சைக் கேட்டிருந்தால் இது புரியும். பையன் என்ன படித்தான் என்பது இரண்டாவது. கீழே நஞ்சை எவ்வளவு, முல்லையாற்றுப் பாசனமா, கிணற்றுப் பாசனமா, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் உண்டா, மேலே மலையில் ஏலம் உண்டா. ஏலம் என்று சொன்னால் குரல் ஒரு படி இறங்கும். போடி ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து மாப்பிள்ளையின் அழகு வாராவாரம் கூடும், குறையும். ஆஸ்டின் ஒரு ஆள் கதைக்குள் வரும்போதே வருமானத்தைச் சொல்லிவிடுவது எனக்கு முதலில் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது. அத்தைக்கு அது ரொம்ப இயல்பு. சொல்லாமல் விட்டிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பார்.

இரண்டாம் ராத்திரி காலின்ஸ் வந்தான்.

டேவிட் பேம்பர் என்பவர் நடித்திருக்கிறார். எண்ணெய் தடவி ஒட்டின தலை, குனிந்து குனிந்து கும்பிடுகிற முதுகு. பாதிரியார். வந்ததும் வராததுமாகக் கூடம், சாப்பாட்டு அறை, மேஜை நாற்காலி என்று ஒவ்வொன்றாகப் புகழ்கிறான். அம்மாக்காரிக்கு அந்தப் புகழ்ச்சி இனிக்கவில்லை.

"இவன் எதுக்குடா வீட்ட மேலயும் கீழயும் பாக்குறான்?"

நிறுத்திவிட்டு விளக்கினேன். லாங்போர்ன் பண்ணை ஆண் வாரிசுக்கு மட்டும்தான் போக முடியும் என்று எழுதிவைக்கப்பட்ட சொத்து. பெண்களின் அப்பா பென்னட்டுக்கு ஒரு மகன் பிறந்திருந்தால், அவன் வயதுக்கு வந்ததும் அப்பனும் மகனுமாகச் சேர்ந்து அந்தக் கட்டை உடைத்திருக்கலாம். மகன் பிறக்கவில்லை. பென்னட் கண்ணை மூடினால் வீடு, நிலம், நாற்காலி எல்லாம் காலின்ஸுக்கு. அவன் தூரத்து உறவு, ஆண் வழியில்...

"பங்காளி" என்றார் அத்தை.

அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை. இங்கிலீஷில் இந்தச் சட்ட முடிச்சை விளக்க நாவலின் பின்னால் இரண்டு பக்கம் குறிப்பு போடுகிறார்கள். நம்மிடம் ஒரே வார்த்தை இருக்கிறது, அதற்குள் இரண்டு தலைமுறைக் கோர்ட் கேஸும் இருக்கிறது.

நான் படத்தை ஓட விடப்போனேன். அத்தை நிறுத்தச் சொன்னார். டிவியைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த மரத்தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் வந்தது 89 மார்ச்சு. எனக்குக் கல்யாணம் 87 தை."

எனக்குத் தெரிந்த சட்டம்தான். தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு கொண்டுவந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பையனோடு சமபங்கு. மற்ற மாநிலங்கள் பலவற்றுக்கு 2005இல்தான் இது வந்தது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம். அதில் ஒரு வரி உண்டு: 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆகிப்போன பெண்ணுக்கு இது கிடையாது. தாத்தாவுக்கு நாலு பெண், ஒரு பையன். மூத்த மூன்று பேரும் அந்தத் தேதிக்கு முன்னால் கழுத்தில் தாலி வாங்கிவிட்டார்கள். கடைசி அத்தைக்கு மட்டும் 92இல் கல்யாணம். 96இல் பாகப்பிரிவினை எழுதினபோது சட்டப்படி கணக்கில் வந்தது கடைசி அத்தை ஒருத்தர்தான்.

"சின்னவளுக்கு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட ஒரு சங்கிலி போட்டாக. மூணு பவுனு. எங்கிட்ட கையெழுத்தே வேணாம்னுட்டாக."

கோபமாகச் சொல்லவில்லை. பங்கு கிடைக்கவில்லை என்று கூட அவர் சொல்லவில்லை. கையெழுத்து வேண்டாம் என்றுவிட்டார்கள், அதுதான். 2005 மத்தியச் சட்டம் கல்யாணத் தேதியைப் பார்க்காது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிந்த பாகப்பிரிவினையை அது தொடாது. எங்கள் பத்திரம் அதற்கு எட்டு வருஷம் முந்தியது. அந்தப் பத்திரப்படி சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டமும், இந்த வீடும், இந்தத் தூணும் அப்பாவுக்கு. அப்பாவுக்குப் பின்னால் எனக்கு. நான் ஒரே பையன்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் நான் டேப்பை வைத்துக்கொண்டு இந்தக் கூடத்தை அளந்தேன். உள்சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கினால் நன்றாக இருக்கும், மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டால் வெயில் தெரியாது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

படத்தை ஓடவிட்டேன். திரையில் காலின்ஸ் இன்னும் கூடத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அத்தை இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நான் டேப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இரண்டாவது பெண் எலிசபெத், தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட காலின்ஸை வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் அத்தை கை தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தட்டவில்லை. "வாய் நல்லாத்தான் பேசுறா" என்றதோடு சரி. ஆனால் அடுத்த பகுதியில் எலிசபெத்தின் தோழி ஷார்லட் அதே காலின்ஸைக் கட்டிக்கொண்டு போய்க் குடித்தனம் நடத்துகிற வீட்டை எலிசபெத் பார்க்க வருவாள் இல்லையா? ஷார்லட்டுக்கு இருபத்தேழு வயது, அழகு இல்லை, கையில் காசு இல்லை. புருஷனைத் தோட்ட வேலை பார்க்கச் சொல்லி ஊக்கப்படுத்துகிறாள், உடம்புக்கு நல்லதாம். தனக்கு வீட்டின் பின்பக்கத்து அறையை எடுத்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பக்கம் அவன் அதிகம் வர மாட்டான் என்பதற்காக. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் கட்டோடு சேர்ந்து அசைந்தது.

"இவதாண்டா பொழைக்கத் தெரிஞ்சவ."

எனக்கு அதுவரை ஷார்லட் ஒரு சோகப் பாத்திரம். எலிசபெத்தைப் போலவே நானும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன். அத்தைக்கு அவள்தான் கதாநாயகி. "பங்காளியையே கட்டிக்கிட்டா. நாளைக்கு அந்த வீட்டுக்கு எசமானி இவதான். கையெழுத்து இவகிட்ட வாங்கணும்." இதைச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. ஆங்கில இலக்கியம் படித்த நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். அரை நிமிஷம் பேசவில்லை. "உங்கத்தையை எங்க டிப்பார்ட்மென்டுக்கு அனுப்பு" என்றான்.

இந்த இடத்தில் என் பழைய புலம்பலைக் கொட்ட வேண்டியிருக்கிறது. பழக்கப்பட்டவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்த நாவலை 2005இல் சினிமாவாகவும் எடுத்தார்கள். நல்ல படம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஷார்லட் வந்த வேகத்தில் போய்விடுகிறாள். காதல் நிற்கிறது, பின்பக்கத்து அறை ஓடிவிடுகிறது. மெகா சீரியலாக எடுத்திருந்தால் ஷார்லட்டுக்கு ஒரு மாமியார் வந்திருப்பாள், காலின்ஸுக்கு ஒரு விபத்து நடந்திருக்கும். ஆறு மணி நேரம் என்பது வேறு ஒரு அளவு. எங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்ட வருகிற பெரியவர் ஒருவர் சொல்வார்: "கொடி மேல இரக்கப்பட்டா குலை சிறுத்துப்போகும்." பன்னீர் திராட்சைக் கொடி பார்க்க அடர்த்தியாக இருந்தால் ஒன்றும் பிரயோஜனம் இல்லை. வெட்டின இடத்திலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் பூ. வெட்டி நாலு மாசத்தில் அறுப்பு. எந்தக் கணுவில் வெட்டுவது என்பதுதான் வித்தை.

ஆண்ட்ரூ டேவிஸ் இந்தத் தொடருக்குத் திரைக்கதை எழுதினபோது அதைத்தான் செய்தார். நாவல் வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி பேச்சில் ஆரம்பிக்கும். தொடர், இரண்டு ஆண்கள் குதிரையை விரட்டிக்கொண்டு வருவதில் ஆரம்பிக்கிறது, மேட்டில் நின்று எலிசபெத் அதைப் பார்க்கிறாள். ஒரு வசனம் இல்லாமல் யாரிடம் நிலம், யாரிடம் கால்நடை என்று தெரிந்துவிடுகிறது. (அத்தை பார்த்தது குதிரையை. "நல்ல தீனி" என்றார்.) நாவலில் முக்கியமான விஷயங்கள் பல கடிதத்தில் நடக்கும். அதையெல்லாம் காட்சியாக்கினார். ஆஸ்டின் எழுதாததையும் ஒட்டுக் கட்டினார். டார்சி குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு எலிசபெத் எதிரில் வந்து நிற்கிற காட்சி நாவலில் கிடையாது. இங்கிலாந்தே அதைப் பற்றிப் பேசியது, டார்சியாக நடித்த காலின் ஃபர்த் அந்த ஒரு சட்டையில் நட்சத்திரம் ஆனார். அத்தைக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. "சுருளியில குளிச்சிட்டு வர்றவன் மாதிரி வர்றான். துண்டு கொண்டாந்திருக்கலாம்."

சொல்ல வந்தது இதுதான். நம்மிடம் சிறுகதைக்கு ஒரு சட்டை அளவு இருந்தது. பாலு மகேந்திரா சன் டிவியில் 'கதை நேரம்' செய்தார், 52 கதை, ஒவ்வொன்றும் அரை மணிக்குள். இன்றைக்கும் பார்க்கலாம். குறுநாவலுக்கு சினிமா அளவு சரியாக உட்காரும். அதற்கு அத்தாட்சி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. இதே பாஸ்கர் சக்தியின் 'அழகர்சாமியின் குதிரை'யை சுசீந்திரன் 2011இல் படமாக்கினார். மழை இல்லாத ஊர், திருவிழாவுக்கு வேண்டிய சாமியின் மரக்குதிரை காணாமல் போகிறது, உயிருள்ள குதிரை ஒன்று வந்து சேர்கிறது, அதைத் தேடி அதன் சொந்தக்காரன் வருகிறான். அவன் கல்யாணமே அந்தக் குதிரையை நம்பித்தான் இருக்கிறது. அப்புக்குட்டி நடித்தார், தேசிய விருதும் வாங்கினார். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், இசை பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. பண்ணைப்புரம் எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். கிட்டத்தட்ட ஒரு தாலுகாவே சேர்ந்து எடுத்த படம். அதில் ஒரு இடம் இழுக்கவில்லை, ஒரு இடம் போதாமல் போகவில்லை.

பெரிய நாவலுக்குத்தான் சட்டை இல்லை. ஒரு காலத்தில் தைத்தோம். தூர்தர்ஷனில் பதிமூன்று வாரத் தொடர்கள் என்று ஒரு வழக்கம் இருந்தது. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' தொடராக வந்தது. இந்தியில் இதே ஆஸ்டின் நாவலை 'திருஷ்ணா' என்று எண்பதுகளிலேயே எடுத்துவிட்டார்கள், பிபிசியின் இந்தத் தொடருக்குப் பத்து வருஷம் முன்னால். கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பிவைத்த ஆன்டெனாவை ஒருத்தர் மாடியில் பிடித்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து இன்னொருத்தர் "இப்பத் தெரியுது, அப்பிடியே நில்லு" என்று கத்தின காலம். அப்புறம் தினசரி சீரியல் வந்தது, அளவு நாடா தொலைந்துபோனது. பாரதிராஜாவே கலைஞர் தொலைக்காட்சிக்காகத் 'தெக்கத்திப் பொண்ணு' எடுத்தார். அதுவும் தினசரிக் கணக்கில்தான் ஓட வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு ஆசை உண்டு. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆறே ஆறு ராத்திரி. விகடனில் தொடராக வந்தது, 2003இல் சாகித்ய அகாதெமி வாங்கியது. பேயத்தேவர் என்கிற ஒரு கிழவரையும், வைகை அணைக்காகத் தண்ணீருக்குள் போன ஊர்களையும் பற்றின நாவல். எழுதினவரே சின்ன வயதில் அப்படி ஊரை விட்டு வடுகபட்டிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அணை 1959 ஜனவரியில் திறந்தது. 71 அடி தண்ணீர் தேக்குகிற அணை. அதில் நிற்கிற தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் வாசல் வழியாக, முல்லையாற்றில் போகிற தண்ணீர். நாங்கள் அதில் இரண்டு போகம் எடுத்துவிட்டுக் கீழே அனுப்புகிறோம். இந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பென்னிகுயிக் படத்தை மாட்டி, அவர் பேரில் பொங்கல் வைக்கிறோம். கீழே முழுகின ஊரைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர் மட்டம் ஒவ்வொரு அடியாக ஏறுவதை இரண்டரை மணி நேரப் படத்தில் காட்ட முடியாது, இடைவேளைக்குள் முழுகடித்தாக வேண்டும். எண்ணூறு பகுதியில் காட்டினால் தண்ணீரே சலித்துப்போகும். ஆறு ராத்திரி. நாலாவது ராத்திரி முடிவில் தண்ணீர் முதல் வீட்டு வாசற்படியைத் தொட வேண்டும்.

புலம்பல் முடிந்தது. திரும்பி வாருங்கள்.

நாலாம் ராத்திரி எலிசபெத் டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்தாள். அந்த மாளிகை நிஜத்தில் லைம் பார்க், செஷயர் பக்கம் இருக்கிறது. வெளியே காட்டினது அது, உள்ளே காட்டினது சட்பரி ஹால் என்கிற வேறு வீடு. தொடர் வந்த பிறகு லைம் பார்க்குக்குக் கூட்டம் சாரிசாரியாகப் போனதாம். நானும் ஒரு நாள் போவேன் என்று அத்தையிடம் சொன்னேன். "போயி? டேப்ப எடுத்துக்கிட்டுப் போவியாக்கும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

நான் திரும்பி வந்தபோது எலிசபெத் வேலைக்காரம்மா பின்னால் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். "இங்கதான் அவ மனசு மாறுது" என்றார் அத்தை. இன்னும் கதையில் அது வரவில்லை. பின்னால் எலிசபெத்தே அக்காவிடம் கேலியாக இதைத்தான் சொல்வாள். கேலி பாதி, நிஜம் பாதி என்பது எனக்கு எப்போதும் சந்தேகம். அத்தைக்குச் சந்தேகம் இல்லை.

கடைசிப் பெண் லிடியா ஓடிப்போன கதையை அத்தை ரொம்ப நேரம் பேசவிடவில்லை. "ஓட்டி விடு" என்றார். எங்கள் குடும்பத்திலும் ஒன்று உண்டு. அது இங்கே வேண்டாம்.

ஆறாம் ராத்திரி ஒரே மேடையில் இரட்டைக் கல்யாணம். அக்காவும் தங்கையும். முடிந்ததும் அத்தை எழுதினவளைப் பற்றிக் கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன், நாற்பத்தோரு வயதில் போய்விட்டாள் என்றேன். இந்தப் புத்தகத்தின் உரிமையை மொத்தமாக 110 பவுண்டுக்கு விற்றுவிட்டாள்.

"நூத்திப் பத்தா? டார்சிக்கு வருசம் பத்தாயிரம் எழுதிக் குடுத்தவளுக்கா?"

"புஸ்தகத்துல பேரும் போடல அத்தே. இதுக்கு முன்னாடி இன்னொரு நாவல எழுதினவர் எழுதினதுன்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு."

"அவகிட்டயும் கையெழுத்து வாங்கலையாக்கும்."

டிவியை அணைத்தேன். அம்மா எப்போதோ வந்து வாசற்படியில் உட்கார்ந்து பாதிக்கு மேல் பார்த்திருக்கிறார், எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "அந்தச் சின்னவ அம்மா அழுவுறது நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை படுக்கவில்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன்.

"மூத்தவளுக்கு ஆச்சு, ரெண்டாவதுக்கு ஆச்சு, கடசிக்கும் எப்பிடியோ ஆச்சு. நடுவுல ஒருத்தி இருந்தாளே, கண்ணாடி போட்டுக்கிட்டு. பியானோ வாசிச்சிட்டே இருப்பாளே. யாரும் அவகிட்டப் பேசவே இல்ல. அவளுக்கு என்னாச்சு?"

மேரி. ஐந்தில் மூன்றாவது. அத்தையும் மூன்றாவதுதான்.

நாவலில் இல்லை, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது என்றேன். ஆஸ்டின் தன் வீட்டுப் பிள்ளைகளிடம் கதை முடிந்த பிறகு என்ன ஆனது என்று சொல்லிக்கொண்டிருப்பாளாம். அவளுடைய அண்ணன் மகன் பின்னால் 1870இல் அதையெல்லாம் எழுதி வைத்தார். மேரி அவளுடைய சித்தப்பா ஆபீசில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டாளாம்.

"அண்ணன் மகனா எழுதுனான்?"

"ஆமா அத்தே."

கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்று நான் சொன்ன இடம். பழைய தேக்கு உத்தரம் ஓடுகிறது.

"அந்தக் குமாஸ்தாவுக்குச் சம்பளம் எவ்வளவாம்?"

அதை எழுதவில்லை என்றேன்.

"நீயாச்சும் விசாரிச்சு எழுது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்.